இனிப்பு நீருக்கு நார்ச்சத்து



2023-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உண்டு.

“தேத்தண்ணியில சீனியை நிறுத்திட்டேன், இன்னும் ஏன் குறையல?” என்று பலர் கேட்கிறார்கள். தட்டில் குவிக்கும் வெள்ளைச் சோறும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகிறது. அந்தச் சீனி இரத்தத்தில் மளமளவென்று ஏறாமல் மெதுவாக்குவது நார்ச்சத்து. கீரை, வெண்டைக்காய், பருப்பு, கொய்யா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அவித்த கொண்டைக்கடலை அரைக் கப்பில் சுமார் 6 கிராம். அதே அளவு வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வேண்டும்.

ஆகவே தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு என்று வையுங்கள். கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும். தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். “கீரைதான் சாப்பிடுறோமே” என்று மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தக் கூடாது. நார்ச்சத்து மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. கவனிக்காமல் விட்டால் காலில் வரும் சிறு புண்ணும் ஆறாமல் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். கால் போனால் மரம் வெட்டப் போவது எப்படி? இன்றே சோதித்துக்கொள்ளுங்கள்.