கண்டிச்சீமையும் அயலுறவுத் துறையும்

சர்வதேச அரசியல் என்றால் வாஷிங்டன், மாஸ்கோ என்றுதான் நமக்குப் பழக்கம். எங்க நரிக்குடிப் பக்கம் அதுக்குப் பேரு 'கண்டிச்சீமை'. மழை பொய்த்த இந்த வானம் பார்த்த பூமியிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகளைத்தான் 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர், 1974இல் ஆளுக்குப் பாதி. கிடை பிரிக்கிறவன்கூட ஆட்டைப் பார்த்துத்தான் பிரிப்பான்.

சம்பந்தப்பட்ட சனங்களை யாரும் கேட்கவில்லை என்பதைக் கல்விப்புலத்துக்குள் நின்று எழுதியவர் வி. சூரியநாராயண், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநர். அயலுறவைத் தில்லியின் தனிச்சொத்தாகப் பாவித்த ஒரு துறையில், தோட்டத்து லயத்திலிருந்தும் ராமேஸ்வரம் கரையிலிருந்தும் அதைப் பார்க்கலாம் என்று காட்டியதே அவருடைய முக்கியமான பங்கு. கச்சத்தீவு பற்றிய அவரது நூல் 1994இல் வந்தது. வங்கதேசத்துக்குத் தீன்பிகாவை இந்தியா விட்டது போலக் கச்சத்தீவை நிரந்தரக் குத்தகைக்குக் கேட்கலாம் என்பது அவர் வாதம்.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. குத்தகை கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு. தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலும் இருந்தவரின் சொல்லாடல், ஆங்கிலப் பத்திரிகைகள் வழியாக, பெரும்பாலும் அரசின் காதுக்கே பேசியது. ஆனால் அரசுக்கு உவப்பானதை மட்டும் பேசினார் என்று தள்ளிவிட முடியாது. நம் இழுவைப் படகுகள் ஈழத்து மீனவர்களின் பிழைப்பை வாரிக்கொண்டு போவதையும் அவர் எழுதினார். தொப்புள்கொடி உறவு பேசும் நம் மேடைகளில் அந்தப் பேச்சை எடுத்தால் மைக்கைப் பிடுங்கிடுவாங்க.