பிடி அரிசியும் இரண்டு சதவீதமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். ஊர் சிறியது. ஆனால் அங்குள்ள பாறையைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஊராருக்கு அது தூணாண்டார் கோயில். கல்வெட்டோ அதை அவனிபாஜன பல்லவேசுவரம் என்கிறது. அவனிபாஜனன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. கொடுத்தவர் தம் பெயரையே கோயிலுக்கு வைத்துவிட்டார்! அரசுப் பள்ளிக் கழிப்பறைச் சுவரில் கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் சின்னம் பளபளப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அந்த ஆசைக்கு வயது ஆயிரத்து நானூறுக்குக் குறையாது.

அந்தச் சின்னத்துக்குப் பின்னால் இன்று ஒரு சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்டுவிட்டால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் தேதி இது நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான். பள்ளி, மருத்துவம், குடிநீர், மரம் நடுதல், பழங்காலச் சின்னங்களைப் புதுப்பித்தல் எல்லாம் இதில் அடக்கம். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்யும் நன்மை கணக்கில் வராது. நாடு முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் தேறுகிறது.

லாபத்தில் இவ்வளவு என்று அளந்து எடுத்து வைப்பது சட்டம் கற்றுக்கொடுத்த பழக்கமல்ல. தமிழ் வணிகர்களிடம் அதற்கு ஒரு பெயரே உண்டு: மகமை. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, தாங்கள் கொண்டுபோகும் உப்பு, அரிசி, பாக்கு, மிளகு என ஒவ்வொரு சரக்குப் பொதிக்கும் இவ்வளவு என்று கோயிலுக்கு எடுத்து வைத்த கணக்கு அதில் விரிகிறது. யாரும் கட்டாயப்படுத்தி வசூலித்ததல்ல, தாங்களே கூடிப் போட்டுக்கொண்ட வரி.

அதே மகமை பிற்காலத்தில் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகர் நாடார் உறவின்முறையினர் மகமைப் பணத்தில் சத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி பள்ளியின் செலவுக்குப் போயிற்று. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர். அவர் முதலமைச்சரான பின் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்ததை நினைத்தால், பிடி அரிசி பல மடங்காகத் திரும்பி வந்தது புரியும்.

இன்று சம்பளப் பட்டியலிலேயே மாதம் நூறோ இருநூறோ பிடித்து அறப்பணிக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. கைக்கு வருமுன் எடுத்து வைப்பதால் வலி தெரியாது என்பதே அதன் சூட்சுமம். உலைப்பானைப் பக்கத்திலிருந்த அரிசிப் பானையின் சூட்சுமமும் அதுதான். வெள்ளம் புயல் வந்தால் அரசு ஊழியர்கள் ஒரு நாள் ஊதியத்தை முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவதும் இந்த வகைதான்.

பணத்தைவிடச் சிக்கலானது உழைப்பைக் கொடுப்பது. சனிக்கிழமை காலையில் ஒரே நிற டி-ஷர்ட்டில் ஏரிக்கரைக்கு வந்து, குப்பை பொறுக்கி, படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேலி செய்யலாம்தான். ஆனால் கூகுள் வேலையை விட்டுவிட்டு நீர்நிலைகளைச் சீரமைக்க இறங்கிய அருண் கிருஷ்ணமூர்த்தியின் இ.எஃப்.ஐ. அமைப்பு, இப்படி வரும் கைகளையும் கம்பெனிப் பணத்தையும் சேர்த்துத்தான் குளங்களைத் தூர்வாரி வருகிறது. படத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் அடுத்த வாரமும் வந்தால் அதுவே லாபம். ஊழியர்கள் இலவசமாகத் தரும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த இரண்டு சதவீதக் கணக்கில் காட்டக் கூடாது என்று மத்திய அரசு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நல்ல விதி. வேர்வை வேர்வையாகவே இருக்கட்டும்.

கண் மருத்துவ முகாம்களில் இந்தக் கூட்டணி இன்னும் அழகாக ஓடுகிறது. 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டே வளர்ந்தது. மருத்துவர்களும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பார்ப்பது, ஊருக்குச் சேதி சொல்வது, வந்தவர்களை வரிசைப்படுத்துவது எல்லாம் முகாம் நடத்தும் ஆலையோ வங்கியோ சங்கமோ பார்த்துக்கொள்ள வேண்டும். புரை வளர்ந்தவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். புதுச்சேரியிலும் இப்போது ஒரு கிளை உண்டு.

சி.எஸ்.ஆர். சட்டத்தில் ஒரு சொற்றொடர் சீயமங்கலம் போன்ற ஊர்களுக்கு இடறுகிறது. கம்பெனி எங்கே இயங்குகிறதோ அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அது. நியாயம்தான். புகையையும் லாரியையும் தாங்குபவர்களுக்குத்தானே முதல் பங்கு? ஆனால் பெரிய ஆலை இல்லாத ஊருக்குச் சுற்றுவட்டாரம் என்று எதைச் சொல்வது! இதே மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் வந்தன. கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். உழைப்பு ஊரிலிருந்து போகிறது, சுற்றுவட்டாரம் மட்டும் ஆலை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விதிவிலக்கும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேட்டில், டி.வி.எஸ். குழுமத்தினர் பாழடைந்து கிடந்த கோயில்களைப் புதுப்பித்தார்கள். அவர்களுடைய ஸ்ரீனிவாசன் சேவைகள் அறக்கட்டளை 1996இல் தொடங்கியது, சட்டம் வருவதற்கு முன்பே. கோயிலோடு நிற்கவில்லை. மகளிர் குழு, கால்நடை, பள்ளிக்கூடம் என்று ஊருக்குள் இறங்கினார்கள். சட்டத்துக்குப் பயந்து செய்வதற்கும் ஊரில் பல வருடம் தங்கிச் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே பார்க்கலாம்.

ஆலை இல்லாத ஊருக்கு மிஞ்சுவது, அங்கே பிறந்து வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் அவர்களையும் குறிவைக்கிறது. கம்பெனிகள் மட்டுமல்ல, முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிக்குப் பணம் தரலாம். இந்தப் பள்ளிக்கு என்று பெயர் சொல்லியும் தரலாம். சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தாம் அ, ஆ எழுதிப் பழகிய பள்ளியைத் தேடிப் பிடித்து ஒரு வகுப்பறைக்கோ நாலு பெஞ்சுக்கோ கொடுத்தால், அதற்குச் சுற்றுவட்டாரக் கணக்கு கிடையாது. தம் நிறுவனத்தில் சி.எஸ்.ஆர். பணத்தை ஒதுக்கும் மேலாளரின் மேசைக்குப் போய், 'எங்க ஊர்ப் பள்ளிக்கும் ஏதாவது செய்யுங்க சார்' என்று கேட்கவும் தடையில்லை.