ஆவடி சட்டமன்றத் தொகுதி

ஆவடி சட்டமன்றத் தொகுதி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சட்டமன்றத் தொகுதி ஆகும். இதன் தொகுதி எண் 6. இது திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறது.

தொகுதி மறுசீரமைப்பு

2008 ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் இத்தொகுதி புதிதாக உருவாக்கப்பட்டது. ஆவடி, திருநின்றவூர், திருவேற்காடு ஆகிய ஊர்களும் சில சிற்றூர்களும் இதில் சேர்க்கப்பட்டன.

படைத்துறையினர் வாக்கு

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், முத்தாபுதுப்பேட்டைப் பகுதியில் இந்திய வான்படை நிலையமும் உள்ளன. படையினர் தம் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் சேவை வாக்காளராகப் பதிவு செய்து, அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். அமைதிக்காலப் பணியிடத்தில் வசிப்போர், உரிய விதிகளுக்கு உட்பட்டு அங்கேயே பொது வாக்காளராகவும் சேரலாம். இரண்டிலும் பதிய இயலாது. ஆகவே இங்கு வசிக்கும் படையினர் அனைவரும் இத்தொகுதியின் வாக்காளர்கள் அல்லர்.

தேர்தல் முடிவுகள்

2011: எஸ். அப்துல் ரகீம் (அ.தி.மு.க.)
2016: க. பாண்டியராஜன் (அ.தி.மு.க.)
2021: சா. மு. நாசர் (தி.மு.க.)

2016 தேர்தலில் பாண்டியராஜன், நாசரை 1,395 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஒரு சில வாக்குச்சாவடிகளின் வாக்குகளே முடிவை மாற்றியிருக்கக்கூடிய அளவு இது. 2021 இல் இவ்விருவரும் மீண்டும் போட்டியிட்டபோது, நாசர் 55,275 வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றார்.

இம்மூவரும் இத்தொகுதியின் உறுப்பினர்களாக இருந்த காலத்தில் மாநில அமைச்சர்களாகப் பணியாற்றினர். அப்துல் ரகீம் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையையும், பாண்டியராஜன் பள்ளிக்கல்வித் துறையையும் பின்னர் தமிழ் ஆட்சிமொழி மற்றும் தமிழ்ப் பண்பாட்டுத் துறையையும், நாசர் முதலில் பால்வளத் துறையையும் பின்னர் சிறுபான்மையினர் நலத்துறையையும் வகித்தனர்.