வியாபாரத்துக்கும் பிறப்பு உண்டு, இறப்பு உண்டு

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு கடை எப்பொழுது பிறக்கிறது என்று கேட்டால், நிறைகுடம் வைத்துப் பால் காய்ச்சி, முதல் விற்ற பணத்தைச் சுவாமிப் படத்தடியில் வைத்த நாளில் என்று நம்மவர் சொல்லுவர். எப்பொழுது இறக்கிறது என்று கேட்டால், கதவைப் பூட்டிய நாளில் என்பர். சட்டம் இவ்விரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. கதவு திறக்குமுன்னரே வியாபாரம் பிறந்திருக்கலாம். கதவும் கூரையும் இல்லாது போனபின்னும் அது உயிரோடிருக்கலாம். இந்தப் பிறப்புக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட கதையே வணிகச் சட்டம் என்னும் பாடம்.

வவுனியாவில் 1991 ஆம் ஆண்டு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் கல்வி நிலையத்தில் வியாபாரக் கற்கைகள் பீடம் ஒன்று உண்டு. அங்குள்ள மாணவர் பரீட்சைக்காக இவற்றைப் படிப்பர். ஆயினும் வன்னியில் இப்பாடம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. 2009 இல் முடிந்த போரில் கடையையும் கணக்குக் கொப்பியையும் கூட்டாளியையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் வாழும் நிலம் இது. அடுப்படியில் இருப்போரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பது எமது எண்ணம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். பிரதேச செயலகத்தில் பெற்று, கண்ணாடிச் சட்டமிட்டுக் கடைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கண்டு, "கடை பதிந்தாயிற்று, இனி அது கம்பனி" என்று பலர் நினைக்கின்றனர். அன்று. வியாபாரப் பெயர் பற்றிய சட்டம் 1918 இல் வந்தது. தன் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் செய்பவர் யார் என்று ஊருக்குக் காட்டுவதே அதன் நோக்கம். அது முகமூடிக்குப் பின்னால் உள்ள முகத்தைப் பதிவு செய்கிறதேயன்றிப் புதிய ஆள் எவரையும் படைப்பதில்லை. கடைக்காரர் பட்ட கடன் கடைக்காரரின் கடனே. கடையில் உள்ள பொருள் போதாவிடின் கடன்காரர் அவர் வீட்டு வளவுக்கும் வரலாம்.

இனி, இருவர் சேர்ந்து தொழில் செய்யும் பங்குடைமைக்கு வருவோம். வன்னியில் நெல் ஆலை, உரக்கடை, கருவாட்டு வியாபாரம் முதலியன பெரும்பாலும் உறவினர் கூடிச் செய்யும் தொழில்கள். மச்சான்மார் இருவர் ஆளுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் போட்டு ஒரு நெல் ஆலை தொடங்கினர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஒன்றும் இல்லை. "நமக்குள் என்ன எழுத்து?" என்பதே நம்மவர் வழக்கம், எழுத்துக் கேட்பவன் சந்தேகக்காரன் என்று பெயரெடுப்பான்.

இவர்களை ஆளும் சட்டம் எது தெரியுமா? வியப்பாக இருக்கும். 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பங்குடைமை பற்றிய வழக்குகளில் இங்கிலாந்தில் எச்சட்டம் செல்லுமோ அச்சட்டமே இலங்கையிலும் செல்லும் என்று விதித்தது. ஆகையால் இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1890 இல் இயற்றிய பங்குடைமைச் சட்டம் பரந்தன் வயல் நெல்லைக் குற்றும் ஆலைக்கும் சட்டமாயிற்று. அதன்படி, இலாபம் கருதி இருவர் கூடித் தொழில் நடத்தினால் அதுவே பங்குடைமை. பத்திரம் இருந்தால்தான் பிறக்கும் என்பதில்லை.

ஆனால் இலங்கையில் இதற்கு ஒரு முடிச்சு உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், மூலதனம் நூறு பவுணுக்கு, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது. நூறு பவுண் அக்காலத்தில் பெரும் பணம். இன்று தெருவோரத் தேநீர்க்கடைக்கும் ஆயிரம் ரூபாய் போதாது. ஆகவே அக்காலத்துப் பெருவணிகருக்கென இட்ட விதி இன்று எல்லோர் தலையிலும் இறங்கியிருக்கிறது.

எழுத்தில்லையெனின் என்ன நேரும்? மச்சான்மார் ஒற்றுமையாயிருக்கும்வரை ஒன்றும் நேராது. ஒருவர் இறந்துவிட்டார் என்று கொள்வோம். எதிரான உடன்பாடு இல்லாவிடின், அந்த மரணத்தோடு பங்குடைமையும் முடிகிறது. ஆலை மறுநாளும் ஓடும், பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பழைய வியாபாரம் இறந்துவிட்டது. எஞ்சியிருப்பவருக்கு உள்ள அதிகாரம், தொடங்கிய அலுவல்களை முடித்துக் கணக்குத் தீர்ப்பதற்கு உரியதே.

கணக்குத் தீர்ப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் வெளியாருக்குள்ள கடன். அடுத்து, பங்காளர் மூலதனத்துக்கு மேலாகத் தொழிலுக்குக் கொடுத்துதவிய பணம். அதன்பின் அவரவர் போட்ட மூலதனம். மிஞ்சியதே இலாபமாகப் பங்கிடப்படும். இறந்தவர் காலத்தில் பட்ட கடனுக்கு அவர் விட்டுச்சென்ற ஆதனம் பொறுப்பு. அவர் இறந்தபின் புதிதாகப் பட்ட கடனுக்குப் பொறுப்பில்லை.

இறந்தவரின் மனைவி எஞ்சியிருப்பவருக்கு உடன்பிறந்த தங்கை. "ஆலை உன்னுடையதுந்தான், தங்கச்சி. ஏன் கணக்குப் பார்க்கவேண்டும்?" என்கிறார் தமையன். மாதந்தோறும் ஏதோ ஒரு தொகை கொடுக்கிறார். பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடுகிறது, தொகை கூடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இந்தத் தங்கைக்குச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். கணக்குத் தீர்க்காமல், இறந்தவரின் பங்கையும் வைத்துக்கொண்டு எஞ்சியவர் தொழிலை நடத்தினால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, இறந்தவரின் ஆதனத்துக்கு உரியோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம்: அப்பங்கினால் விளைந்த இலாபம், அல்லது அப்பங்கின் பெறுமதிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீத வட்டி. அது தமையன் இரங்கிக் கொடுப்பதன்று; அவளுக்குரியது. தேசவழமைக்கு உட்பட்ட தம்பதியராயின், மணவாழ்க்கையில் தேடியது தேடியதேட்டமாகி, அதில் அரைவாசி உயிரோடிருப்பவருக்குச் சேரும். மற்ற அரைவாசி இறந்தவரின் உரித்தாளருக்குச் செல்லும்.

ஆனால் இந்த உரிமையை நீதிமன்றில் நாட்டப் பங்குடைமை இருந்ததென்று அவள் முதலில் காட்டவேண்டும். எழுத்தில்லை. அங்கே 1840 ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளியார் பங்காளர்மேல் வழக்குத் தொடர்ந்தால் மட்டும், பங்குடைமையைச் சூழ்நிலைச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம் என்று அதே சட்டம் இடம்விடுகிறது. நெல் விற்றுப் பணம் வராத கமக்காரன், "இருவரும் பங்காளர்" என்று வாய்ச்சாட்சியால் நாட்டலாம். அதே வாக்கியத்தைச் சொல்லி வாசற்படி ஏறும் விதவைக்கு எழுத்து வேண்டும். கடனாளியாக்குவதற்கு வாய்ச்சொல் போதும், உரித்தாளியாக்குவதற்குப் போதாது. மோசடியைத் தடுக்கப் பிறந்த சட்டம் நேர்மையானவளைத் தடுப்பது நமக்கு உவப்பாயில்லை. ஆயினும் சட்டம் மாறும்வரை அதுவே சட்டம்.

கணவர் இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். மரணம் பதியாதவிடத்துப் பங்குடைமை மரணத்தால் முடிந்ததென்று எப்படிச் சொல்வது? ஓராண்டுக்கு மேல் காணாமற்போய், போர் முதலியவற்றால் இறந்ததாகக் கருதப்படுவோரின் மரணத்தைப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆனால் எத்தனை தாய்மாரும் மனைவிமாரும் அந்தப் பத்திரத்தைப் பெறச் சம்மதிப்பர்? கடைக் கணக்குத் தீர்வதற்காகத் தம் கையாலேயே ஒருவரை இறந்தவராக்க மனம் ஒப்புமோ? 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணப்படாமைச் சான்றிதழ் என்னும் வேறொரு பத்திரத்தை ஏற்படுத்தியது. அது ஆளை இறந்தவர் என்று சொல்லாமலே குடும்பத்தின் சில அலுவல்களுக்கு உதவும். இவ்விரு பத்திரங்களுள் எது தமக்கு ஏற்றது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிதல் தகும்.

கடன் கொப்பி பற்றியும் ஒரு சொல். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, கடையில் கடனுக்குக் கொடுத்த சாமானின் பணத்துக்கு ஓராண்டுக்குள் வழக்கிடவேண்டும். வாய்மொழி உடன்பாட்டுக்கு மூன்றாண்டு; எழுத்தில் அமைந்த கடனுக்கும் பங்குடைமைப் பத்திரத்துக்கும் ஆறாண்டு. கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ காலம் புதிதாக எண்ணப்படும். போரினால் நீதிமன்றம் செல்ல முடியாதோருக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் காலவிலக்கு அளித்தது உண்மை. அது காணி முதலிய அசையா ஆதனத்தை இழந்தோருக்கே உரியது. கொப்பிக் கடனுக்கு உதவாது.

கம்பனியின் கதை வேறு. சட்டம் அதனைப் பங்குதாரரின் வேறான ஓர் ஆளாகவே கருதுகிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒருவர் தனியாகவே ஒரு கம்பனி அமைக்கலாம். பங்குதாரர் இறந்தால் பங்கு உரித்தாளருக்குப் போகும், கம்பனி சாகாது. அதைச் சாகடிக்கவும் முறையுண்டு: பங்குதாரரின் தீர்மானத்தாலோ நீதிமன்றத்தின் கட்டளையாலோ ஒழிப்பாளர் நியமனமாகி, சொத்தை விற்று, கடனைத் தீர்த்து, எஞ்சியதைப் பங்கிட்டபின்னரே அதன் பெயர் பதிவேட்டை விட்டு நீங்கும்.

இதற்கு வன்னியிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஆனையிறவு உப்பை நம்பிப் பரந்தனில் 1950 களின் நடுப்பகுதியில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலையை அறியாதார் யார்? உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த அத்தொழிற்சாலை, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அரசாங்கக் கூட்டுத்தாபனமாயிற்று. கூட்டுத்தாபனம் என்பது பங்குதாரர் கூடிப் பெற்ற பிள்ளையன்று. சட்டம் பெற்ற பிள்ளை. எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்த அதன் இயந்திரங்கள் 1985 இல் போரினால் நின்றன. கட்டடங்கள் சிதைந்தன. ஊரார் பார்வையில் தொழிற்சாலை செத்துவிட்டது.

சட்டத்தின் பார்வையிலோ சாகவில்லை. அரச கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்றுவதற்கென 1987 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதன்படி 1991 இல் பரந்தன் கூட்டுத்தாபனம், அரசுக்கே உரிய பரந்தன் கெமிக்கல்ஸ் கம்பனி லிமிட்டட் ஆயிற்று. ஒழிப்பாளர் எவரும் வரவில்லை. ஓர் உடல் போய் மற்றோர் உடல் வந்தது. பரந்தனில் இயந்திரம் ஓடாத காலத்திலும் அக்கம்பனி குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து, குடிநீரைச் சுத்திகரிக்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு விற்றுவந்தது.