ஒரே வீடு, மூன்று சிஸ்டம்: பைல்களையும் பிரிண்டரையும் பகிர்வது எப்படி?

அப்பாவின் மேஜையில் விண்டோஸ் கம்ப்யூட்டர். பிரிண்டரும் அதனுடன்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் மகனின் லேப்டாப்பில் லினக்ஸ். வேலைக்குப் போகும் மகளிடம் மேக்புக். மூன்றும் ஒரே வை-பை இணைப்பில்தான் உள்ளன. ஆனாலும் மகன் தன் புராஜெக்ட் ரிப்போர்ட்டை அச்சிட, அதைத் தனக்கே மெயில் அனுப்பி அப்பாவின் கம்ப்யூட்டரில் திறக்கிறான். மகள் குடும்பப் போட்டோக்களைப் பென் டிரைவில் சுமக்கிறாள். இன்று பல வீடுகளில் இதுதான் நிலை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று பேசாது என்று நினைப்பதே இதற்குக் காரணம். உண்மையில் மூன்றுக்கும் பொதுவான மொழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் எஸ்எம்பி. இணைப்பு கிடைக்காமல் போனால், பெரும்பாலும் தடையாக இருப்பது யூசர் நேம், பாஸ்வேர்ட், நெட்வொர்க் செட்டிங் ஆகிய மூன்றில் ஒன்றுதான். இதைச் சரி செய்யத் தெரியாத பலர், "எப்படியாவது வேலை செய்தால் சரி" என்று பாதுகாப்பையே கழற்றி விடுகிறார்கள். கதவுக்குச் சாவி கிடைக்கவில்லை என்பதற்காகக் கதவையே பெயர்த்து வைப்பது போன்றது இது. கதவைப் பெயர்க்காமல் சாவியைச் சரி செய்யும் வழியைப் பார்ப்போம்.

பொது மொழி வந்த கதை

எஸ்எம்பி 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. பின்னர் மைக்ரோசாப்ட் அதை வளர்த்துத் தன் விண்டோஸில் பயன்படுத்தியது. ஆனால் அதன் முழு விவரம் வெளியாருக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், நெட்வொர்க் கேபிளில் போய்வரும் டேட்டா பாக்கெட்டுகளைக் கவனித்தே அந்த மொழியைக் கற்றார். 1992 தொடக்கத்தில் தன் புரோகிராமை இலவசமாக வெளியிட்டார். அவர் முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் டிரேட்மார்க் என்று தெரிய வந்தது. எனவே எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடினார். அப்படிக் கிடைத்த பெயர்தான் சம்பா.

2002இல் வந்த மேக் ஓஎஸ் 10.2 பதிப்பிலும் சம்பா இடம் பெற்றது. 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பில், ஆப்பிள் தன் சொந்த ஏஎப்பி முறையை விட்டு எஸ்எம்பி 2ஐயே முதன்மையாக்கியது. எனவே இன்று புதிதாக எந்த மொழியையும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் மூன்று ஏற்பாடுகள்

1. மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ரவுட்டரில் விருந்தினருக்கென உள்ள கெஸ்ட் வை-பையில் ஒன்று இணைந்திருந்தால், மற்றவற்றை அது பார்க்க முடியாது. கெஸ்ட் வை-பையின் நோக்கமே அதுதான்.

2. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வை-பை, ப்ராபர்ட்டீஸ் சென்று, நெட்வொர்க் வகை 'ப்ரைவேட்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 'பப்ளிக்' என்றிருந்தால் பகிர்வு தடுக்கப்படும். அதே நெட்வொர்க் பிரிவில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் சென்று, ப்ரைவேட் என்பதன் கீழ் 'பைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். 'பாஸ்வேர்ட் புரொடக்டட் ஷேரிங்' என்பதை ஒருபோதும் ஆஃப் செய்ய வேண்டாம்.

3. வை-பை ப்ராபர்ட்டீஸ் பக்கத்திலேயே ஐபிவி4 முகவரி தரப்பட்டிருக்கும். 192.168.1.10 என்பது போல இருக்கும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் இந்த எண்ணை அவ்வப்போது மாற்றிவிடக்கூடும். ரவுட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' வசதி இருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி செய்துவிடலாம்.

முகவரியைக் குறித்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு 'நெட்வொர்க்' ஐகானில் கம்ப்யூட்டர்களைப் பட்டியலிட்ட விண்டோஸ் சேவை, பழைய எஸ்எம்பி 1ஐச் சார்ந்திருந்தது. இப்போது வேறு முறை வந்துவிட்டது. அதனால் ஐகானில் லினக்ஸ் கம்ப்யூட்டர் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்றால் இணைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. முகவரியை நேரடியாக டைப் செய்தால் திறந்துவிடும்.

விண்டோஸ் போல்டரைப் பகிர

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். விண்டோஸில் நுழைய நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் நம்பர் வைத்திருப்பீர்கள். மேக்கிலிருந்து இணைக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டால் அதையே தருவீர்கள். அது செல்லாது. பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக வருபவர் அக்கவுண்ட்டின் உண்மையான பாஸ்வேர்டைத் தர வேண்டும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வைத்திருப்போரில் பலருக்கு அது மறந்தே போயிருக்கும்.

எளிய வழி, பகிர்வுக்கென்றே தனி யூசரை உருவாக்குவது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் சென்று, 'ஆட் அக்கவுண்ட்' கிளிக் செய்யுங்கள். அவரது லாகின் விவரம் இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்து 'மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்' என்ற பொருளில் வரும் வரியைக் கிளிக் செய்யுங்கள். 'வீடு' என்பதை ஆங்கில எழுத்துகளில் பெயராகத் தந்து, நல்ல பாஸ்வேர்ட் ஒன்றை அமையுங்கள்.

இனி பகிர வேண்டிய போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், ஷேரிங் டேப் சென்று 'ஷேர்' பட்டனை அழுத்துங்கள். பட்டியலில் 'வீடு' யூசரைச் சேருங்கள். பார்க்க மட்டும் அனுமதி என்றால் 'ரீட்', மாற்றவும் அனுமதி என்றால் 'ரீட்/ரைட்' எனத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ஷேர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். பட்டியலில் 'எவ்ரிஒன்' என்பதைச் சேர்க்க வேண்டாம். முழு சி டிரைவைப் பகிரவே வேண்டாம்.

மேக்கிலும் லினக்ஸிலும் திறக்க

மேக்கில் பைண்டரைத் திறந்து, கமாண்ட் கீயுடன் கே அழுத்துங்கள். வரும் கட்டத்தில் எஸ்எம்பி://192.168.1.10 என்று டைப் செய்யுங்கள். எஸ்எம்பி என்பதை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும். லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகியவற்றில் பைல் மேனேஜரைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எல் அழுத்தி அதே முகவரியைத் தரலாம். இரண்டிலும் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கப்படும். டொமைன் என்று கேட்டால் அதில் உள்ளதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எதிர்த்திசையிலும் பகிரலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங் சென்று பைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். அருகிலுள்ள 'ஐ' பட்டனை அழுத்தி, ஆப்ஷன்ஸ் பகுதியில் விண்டோஸ் பைல் ஷேரிங் என்பதன் கீழ் உங்கள் பெயருக்கு டிக் அடையாளம் தந்து பாஸ்வேர்டை டைப் செய்யுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் விண்டோஸிலிருந்து லாகின் ஆகாமல் போகலாம்.

லினக்ஸ் மின்ட்டில் போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து 'ஷேரிங் ஆப்ஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். சம்பா இல்லை என்றால் இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கும். இங்கே கவனிக்க வேண்டியது, சம்பாவுக்கென்று தனி பாஸ்வேர்ட் உண்டு. லினக்ஸில் நுழையத் தரும் பாஸ்வேர்ட் தானாக அதற்குச் செல்லாது. டெர்மினலில் சம்பாவின் பாஸ்வேர்ட் கட்டளையை ஒருமுறை இயக்கி அதை அமைத்துவிட வேண்டும்.

விண்டோஸிலிருந்து இவற்றைத் திறக்க, பைல் எக்ஸ்புளோரர் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.12 என்பது போலத் தந்தால் போதும். ஒருமுறை தவறான பாஸ்வேர்ட் தந்து சேமித்துவிட்டால், விண்டோஸ் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். கன்ட்ரோல் பேனலில் உள்ள 'கிரெடென்ஷியல் மேனேஜர்' சென்று அந்தப் பதிவை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

எஸ்எம்பி 1ஐத் தொடாதீர்கள்

வீட்டிலோ கடையிலோ பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் அல்லது பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் இருந்தால், புதிய விண்டோஸில் அது திறக்காது. இணையத்தில் தேடினால், 'டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்பதற்கு டிக் அடிக்கச் சொல்வார்கள். டிக் அடித்ததும் இணைப்பும் கிடைக்கும். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற வைரஸ் பரவியது. விண்டோஸின் எஸ்எம்பி 1 பகுதியிலிருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் பைல்கள் பூட்டப்பட்டு, பணம் கேட்டு மிரட்டல் வந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. இதற்கான பேட்ச் பைலை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள்.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக இன்ஸ்டால் செய்யப்படுவதில்லை. சம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. எனவே பழைய நெட்வொர்க் டிஸ்க் என்றால், அதன் செட்டிங்கில் எஸ்எம்பி 2 இருக்கிறதா, புதிய பர்ம்வேர் கிடைக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது. அதிலுள்ள பைல்களை யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுவதே நல்லது.

பிரிண்டருக்கு எது சிறந்த வழி?

பிரிண்டரில் வை-பை அல்லது நெட்வொர்க் போர்ட் இருந்தால், எந்தக் கம்ப்யூட்டர் வழியாகவும் பகிர வேண்டாம். நேரடியாக ரவுட்டருடன் இணைத்துவிடுங்கள். ஐபிபி என்ற பொது அச்சு முறையையும், 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டையும் ஏற்கும் பிரிண்டர் என்றால், மேக், லினக்ஸ், மொபைல் போன் எல்லாவற்றிலும் தனி டிரைவர் இல்லாமலே அச்சிடலாம்.

யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, விண்டோஸில் பகிர்வது. பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ் சென்று ஷேரிங் டேப்பில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' என்பதற்கு டிக் அடையாளம் தாருங்கள். லினக்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது நெட்வொர்க் பிரிண்டர் என்பதன் கீழ் 'விண்டோஸ் பிரிண்டர் வயா சம்பா' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக்கில் பிரிண்டர் சேர்க்கும் கட்டத்தில் விண்டோஸ் பகுதி உண்டு. இந்த வழியில் அந்தந்த சிஸ்டத்துக்கு டிரைவர் கிடைத்தாக வேண்டும்.

இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து இந்தப் பிரிண்டரைச் சேர்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கலாம். 2021இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை தெரிய வந்தபின் மைக்ரோசாப்ட் வைத்த பூட்டு இது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இதைத் தவிர்க்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். பாஸ்வேர்டைத் தந்து ஒருமுறை சேர்த்தால் போதும்.

இரண்டாவது வழி, சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுப் பிரிண்டரை அதனுடன் இணைப்பது. லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற ஒரே சாப்ட்வேர்தான். லினக்ஸின் பிரிண்டர்ஸ் விண்டோவில் சர்வர் செட்டிங்ஸ் சென்று, பிரிண்டர்களை நெட்வொர்க்கில் அறிவிக்கும் வரிக்கு டிக் அடையாளம் தாருங்கள். மேக்கும் ஐபோனும் அதைத் தாமாகவே கண்டுகொள்ளும்.

இதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் காணப்படும் சில மலிவு லேசர் பிரிண்டர்கள், பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடும். கேனன் எல்பிபி 2900 அப்படிப்பட்டது. கேனன் தந்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களுக்கானது. ராஸ்பெரி பையில் அது ஓடாது. எச்பி லேசர்ஜெட் 1020க்கோ, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பர்ம்வேரைக் கம்ப்யூட்டர் அனுப்பியாக வேண்டும். எனவே லினக்ஸுக்கு மாற்றும் முன் உங்கள் மாடலுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பைல் பெயரில் கவனம்

கேள்விக்குறி, கோலன், நட்சத்திரக் குறி ஆகியவற்றை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. லினக்ஸ் ஏற்கும். மூன்றிலும் பயன்படும் பைல்களில் இவற்றைத் தவிருங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

தமிழில் பெயர் வைப்போருக்கு இன்னொரு விஷயம். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் டிஸ்க்குகள் பயன்படுத்திய எச்எப்எஸ் பிளஸ் முறை, பிரித்தே சேமிக்கும். அந்தப் பெயர் அப்படியே லினக்ஸுக்கு வந்தால், 'கோயில்' என்ற ஒரே பெயரில் இரண்டு போல்டர்கள் தெரியலாம். வைரஸோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பதைச் சரிபார்த்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று

நெட்வொர்க்கில் எழுதும் அனுமதியுடன் பகிர்ந்த போல்டரை உங்கள் பிள்ளைகள் திறக்க முடியும் என்றால், அவர்கள் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸும் திறக்க முடியும். எனவே போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன் காப்பிகள் போன்றவற்றுக்கு 'ரீட்' அனுமதி மட்டும் தாருங்கள். புதியவற்றைப் போட தனியாக ஒரு போல்டர் வைத்து, அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள். பகிர்வு என்பது பேக்கப் அல்ல. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து, அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எந்த நெட்வொர்க்கிலும் இல்லாத அந்த டிஸ்க்கை எந்த வைரஸும் எட்ட முடியாது.