வயிற்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்



சென்ற ஆண்டு மருத்துவ உதவி கேட்டு ஒரு பெரியவர் நமது அறக்கட்டளைக்கு வந்தார். பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ளவர். "இது ஆயுர்வேத லேகியம், எல்லோருக்கும் கேட்கும், இனி மாத்திரை வேண்டாம்" என்று ஊர் ஊராக விற்பவர் ஒருவர் சொன்னதை நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்கிறது என்று நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆயுர்வேதம் என்றால் ஆயுளைப் பற்றிய அறிவு. உடலை இயக்குபவை வாதம், பித்தம், கபம் என்ற மூன்று. அவை தத்தம் அளவில் நின்றால் ஆரோக்கியம், கூடினாலோ குறைந்தாலோ நோய் என்பது அதன் அடிப்படை. நமது சித்த மருத்துவமும் இந்த மூன்றையே பேசுகிறது. யூனானி இதையே இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்காகச் சொல்கிறது. இந்த அளவு ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது, பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே எல்லோருக்கும் ஒரே லேகியம் என்பது ஆயுர்வேதத்துக்கே விரோதமான பேச்சு.

இந்த அறிவை முஸ்லிம்கள் அந்நியமாகக் கருதியதில்லை. அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்தில் சரகர், சுஸ்ருதர் நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. 850-ல் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ முடித்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' என்ற மருத்துவ நூலில் இந்திய மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு.

உணவு விஷயத்தில் ஓர் ஒற்றுமையைப் பாருங்கள். வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வாக்படரின் 'அஷ்டாங்க ஹ்ருதயம்' வயிற்றை நான்காகப் பிரித்து இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர் என்று சொல்லி, நான்காவதைக் காற்றுக்கு விட்டுவிடச் சொல்கிறது. நாமோ வலீமா விருந்தில் மூன்று பங்கையும் பிரியாணிக்கே கொடுத்துவிடுகிறோம்!

கோடையில் எளிதில் செரிக்கும், நீர்ச்சத்துள்ள, குளிர்ச்சியான உணவை உண்ணவும், காரம், புளி, உப்பைக் குறைக்கவும் ஆயுர்வேதம் சொல்கிறது. பகல் தூக்கத்தைப் பொதுவாக விலக்கும் அது, கோடையில் மட்டும் இடம் கொடுக்கிறது. நம்மிடம் கைலூலா என்ற சுன்னத்தே இருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சின்றி உறங்கி ஃபஜ்ருக்கு எழுவதும் அதிகாலையில் எழச் சொல்லும் ஆயுர்வேத தினசரி ஒழுக்கத்தோடு பொருந்துகிறது. வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நோன்புக் கஞ்சி இருக்கும்போது, நோன்பு திறந்ததும் எண்ணெய்ப் பலகாரத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆனால் இவை நோய் வராமல் காக்கும் வழிகள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. ரமலான் வருமுன்னரே மருந்து நேரத்தை மாற்றுவது பற்றி அவரிடம் பேசிவிட வேண்டும். நாட்டு மருத்துவம் விரும்புவோர் பதிவு பெற்ற மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலோ காட்டலாம். உரிம எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்றவை இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததுண்டு.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதை அளவோடு பேண அவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக, ஆமீன்.