படத்தோடு பெயரும் வரவேண்டும்

பிகாசா என்னும் மென்பொருளைக் கூகுள் நிறுவனம் 2016ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. எனினும் பழைய கணினிகளில் அது இன்றும் இயங்குகிறது. எம் இல்லத்துப் படங்கள் 11,000-ஐ அண்மையில் அதிலிருந்து டிஜிகேம் என்னும் இலவச மென்பொருளுக்கு மாற்றினோம். படங்களுக்கு எழுதிய குறிப்புகள் கோப்பினுள்ளேயே பதிந்திருந்தமையால் பழுதின்றி வந்தன. முகங்களுக்கு இட்ட பெயர்களோ வரவில்லை! அவை வேறு கோப்புகளில் இருந்தன என்பதை அவசரத்தில் கவனியாது போனோம். ஊரில் பாட்டியார் ஒவ்வொருவராய் அடையாளம் சொல்லச் சொல்ல நாம் குறித்த பெயர்கள் அவை, அவ்வம்மையார் இன்றில்லை. நல்லவேளையாகப் பழைய கணினியை விற்றுவிடவில்லை. பிகாசாவை மீண்டும் திறந்து, முகப்பெயர்களைப் படக்கோப்பிலேயே எழுதச் செய்து, அதன் பின்னரே படியெடுத்தோம். ஒரு ஞாயிறு முழுதும் அதிலேயே கழிந்தது. அன்பர்கள் முதலில் 10 படங்களை மட்டும் மாற்றிப் பார்ப்பார்களாக. பழைய கணினி அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்.